பதினொன்றாவது வரி

17-3-1964, செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்தே முக்கால் மணி. பட்டறையில்.

முதலில் ஒரு திருத்தம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், இரண்டு வெல்டிங் செட்டுகளையும் ஒப்பிட்டுப் பதினோரு வரிகளில் அட்டவணை போட்டிருப்பதாக எழுதியிருக்கிறேன். இன்று எண்ணிப் பார்த்தேன். பத்துதான். பதினொன்று என்று எண் போட்டு, புள்ளியும் வைத்து, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

சின்னத் தவறுதான். நாமக்கல்லில் நான் படிக்கும் மாலைத் தொழில் வகுப்பின் வாத்தியார் பார்த்திருந்தால் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பார். ஆனால் அந்தக் காலி வரியால்தான் இன்றைய பொழுது இப்படி ஆயிற்று என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பது சரியா என்றும் தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பழைய பக்கங்களைப் புரட்டினால் விஷயம் இவ்வளவுதான். காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் எங்கள் பட்டறை. அண்ணன் அர்த்தனாரி வைத்தது. இதுவரை கார்பைடு போட்டு கேஸ் வெல்டிங் மட்டும்தான். இனி அது போதாது. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் பெரிய பெரிய தொட்டி கேட்கிறார்கள். கொல்லிமலை ரோடு வேலை எடுத்திருக்கும் காண்ட்ராக்டரோ, ஜல்லி மெஷின் உடைந்தால் அன்றைக்கே ஒட்டித் தர ஆள் வேண்டும் என்கிறார்.

போன வாரம் அண்ணனும் நானும் சேலம் போய் இரண்டு செட்டைப் பார்த்து வந்தோம்.

ஒன்று, கரண்டில் ஓடுவது. எண்ணெய் ஊற்றி மூடிய இரும்புப் பெட்டி. சத்தமில்லை, தேய்மானமில்லை. ஆனால் லைன் இருக்கும் இடத்தை விட்டு நகராது. அதோடு, காலையில் சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லாம் மோட்டார் ஓடும்போது எங்கள் லைனில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. வகுப்பிலிருந்து மீட்டர் இரவல் வாங்கி வந்து மூன்று நாள் அளந்து பார்த்தேன். அந்த வோல்டேஜில் வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர எரியாது.

மற்றது, டீசல் இஞ்சினோடு சேர்ந்த செட். சத்தம், புகை, எண்ணெய்ச் செலவு எல்லாம் உண்டு. ஆனால் தீ நிலையாக நிற்கும். மெல்லிய தகரமும் ஒட்டலாம், வார்ப்பிரும்பும் ஒட்டலாம். லாரியில் ஏற்றினால் மலைக்கும் போகும்.

வெளிநாட்டில் ராடே வேண்டாம், சுருளிலிருந்து கம்பி தானாக ஓடிவந்து ஒட்டும் செட் ஒன்று இருக்கிறது என்று வாத்தியார் சொன்னார். "அது நம்ம பக்கம் வராது. பரீட்சையில மட்டும் வரும்" என்றார். குறித்து வைத்திருக்கிறேன்.

அண்ணன் இரண்டு செட்டையும் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சொன்னது: "எனக்கு ரெண்டும் சரியாத்தான் தெரியுது. கொல்லிமலைப் பெரியண்ணன் சாமிகிட்டப் பூக் கேட்டுருவோம்."

இன்றைக்கு அந்தப் பூக் கேட்கும் நாள். இரண்டு பொட்டலத்தில் இரண்டு வகைப் பூ; சாமி முன்னால் எது கைக்கு வருகிறதோ அதுவே பதில்.

*

விடிந்ததும் நங்கை பெருமாயி பட்டறைக்கு வந்தாள். அண்ணன் மனைவி. முறத்தில் ஒரு பக்கம் அப்போதுதான் பறித்துக் கட்டிய மல்லி, இன்னொரு பக்கம் செவ்வரளி. இரண்டு வாழையிலைத் துண்டு, நார்.

"மல்லி வந்தா கரண்டு செட்டு. அரளி வந்தா டீசலு. நீயே பொட்டலம் கட்டு தம்பி" என்றாள்.

"நீங்களே கட்டக் கூடாதுங்களா?"

"எனக்கு அடுப்புல சோறு இருக்குது. உங்கண்ணனைக் கட்டச் சொன்னா, ஒண்ணு சோத்து மூட்டையாட்ட இருக்கும், ஒண்ணு வெத்தலை மடிப்பாட்ட இருக்கும். தொட்டாலே தெரிஞ்சு போயிரும். நீதான் எதையும் அளந்து செய்யறவன்."

அளந்துதான் செய்தேன். இலை இரண்டும் ஒரே அளவு. ஒன்பது பூ இதில், ஒன்பது பூ அதில். நார் இரண்டு சுற்று, முடிச்சு ஒரே பக்கம்.

இரண்டிலும் செவ்வரளியையே வைத்தேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. பழைய கார்பைடு டின் ஒன்று மூலையில் கிடந்தது. மல்லியை அதில் போட்டு மூடி, பிறகு எறிந்துகொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

காரணம் என்ன என்று என்னையே கேட்டால், என் அட்டவணைப்படி டீசல் செட்தான் நல்லது என்று சொல்வேன். பத்து வரியில் ஏழு வரி அதன் பக்கம். சாமி தவறுதலாக மற்றதைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அது பாதிக் காரணம். மீதியையும் எழுதுகிறேன். தை மாதத்தில் ஒருநாள் அண்ணன் சொன்னார், "மேல வேலைன்னு வந்தா நாந்தான் போவோணும். உனக்குக் கிளாஸ் இருக்குது." அது என் காதில் அப்படியே நின்றுவிட்டது. டீசல் செட் வந்தால் அது மலைக்குப் போகும். செட்டோடு அண்ணன் போவார். கீழே பட்டறை என் பொறுப்பு. திங்கள், புதன், வெள்ளி நான்கு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு நாமக்கல் பஸ் பிடிக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மே மாதம் பரீட்சை. ஆறு வகுப்புத் தவறினால் எழுத விடமாட்டார்கள். எனக்கு ஏற்கனவே நான்கு போய்விட்டது, நான்கும் பட்டறை வேலையால்.

முந்தின வருடம் அண்ணன் மூன்று வாரம் ரோடு முகாமில் கேஸ் சிலிண்டரோடு தங்கி வேலை செய்துவிட்டு, மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தார். நாற்பது நாள் படுத்திருந்தார்.

அதை நான் அட்டவணையில் எந்த வரியிலும் எழுதவில்லை.

*

எட்டு மணிக்குக் காண்ட்ராக்டரின் லாரி வந்தது. நங்கை தூக்குப்போசியில் கட்டுச்சோறும் மடியில் பொட்டலங்களுமாக முன்னால் உட்கார்ந்தாள்.

"இருங்க, பட்டறையைப் பூட்டிட்டு வாரேன்" என்று அண்ணன் உள்ளே போனார். வர நேரமாயிற்று. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அண்ணன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, பூட்டப் போனீங்களா, புதுசாப் பூட்டு அடிச்சுப் பூட்டிட்டு வாரீங்களா?" என்றாள் நங்கை.

"கை கழுவுனேன் புள்ள. சாமி காரியமாச்சே."

அண்ணனும் நானும் பின்னால் ஏறி, சிமெண்டு மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். வளைவுகளில் லாரி திரும்பத் திரும்ப, ஊர் ஒரு தடவை வலது பக்கம் தெரிந்தது, ஒரு தடவை இடது பக்கம்.

"நோட்டுக் கொண்டாந்திருக்கியா?" என்றார் அண்ணன்.

"இருக்குதுங்க."

"சாமிகிட்டப் போறதுக்கு முன்னாடி ஒருக்கா படி. நானும் என்னன்னு தெரிஞ்சுக்கறேன்."

இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் படித்தேன். வோல்டேஜ், எடை, எண்ணெய்ச் செலவு, எந்தெந்த இரும்பு ஒட்டும், உதிரிச் சாமான் எங்கே கிடைக்கும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே வந்தார்.

"பத்தாச்சு. பதினொண்ணு?"

"பத்துதானுங்கண்ணா."

"நோட்டுல பதினொண்ணுன்னு போட்டிருக்குதே? எனக்கு எழுத்துத்தான் தெரியாது. நம்பர் தெரியும்."

"என்னமோ எழுத நினைச்சேனுங்க. விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சா" என்றார். அப்புறம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லாரி முகாம் வரைக்கும்தான் போகும். கருங்கல் குவியல், தார் டிரம்கள், தாடை உடைந்து கிடக்கும் ஜல்லி மெஷின். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வெல்டிங் செட் வந்தால் வைப்பதற்கென்று காண்ட்ராக்டர் போட்டுக் கொடுத்தது. அண்ணன் உள்ளே போய் மேலே அண்ணாந்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தார். மூலையில் நின்று கையை விரித்து அளந்தார்.

"ஒரு கட்டில் போடலாம்" என்றார்.

தனக்காகத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

*

அங்கிருந்து முக்கால் மணி நேரம் நடை. மரவள்ளிக்காடு, மிளகுக்கொடி ஏறிய மரங்கள், அறுப்பு முடிந்த சாமைக்காடு. கோயில் எல்லைக்கல்லுக்கு இப்பாலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம்.

பூசாரி சின்னையன் தன் காட்டில் வேலையாக இருந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண்ணோடு வந்து, ஓடையில் காலை அலசிக்கொண்டு விளக்கேற்றினார். பெரியண்ணனுக்கு முன்னால் நட்ட வேல்கள் துருப்பிடித்திருந்தன. அண்ணன் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"கீழ இருந்து பூக் கேக்க வந்தீங்களா? என்ன காரியமுங்க?"

"இரும்பு ஒட்டற மெஷினு வாங்கறமுங்க. ரெண்டுல எதுன்னு தெரியலை."

"அது சாமிக்குத் தெரியுமுங்களா?" என்று சின்னையன் சிரித்தார். "கேட்டுப் பார்ப்போம். இங்க ஒரு மொறை இருக்குதுங்க. கூட வந்தவங்க எடுக்கப்படாது. இந்தத் தடத்துல மொதல்ல ஆரு வாராங்களோ, அவங்கதான் எடுக்கோணும். போய்க் கூப்பிடவும் கூடாது. வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோணும்."

பொட்டலங்களை வேல்களுக்கு நடுவில் வைத்தார். உட்கார்ந்தோம்.

ஒரு மணி பத்து நிமிடம் யாரும் வரவில்லை. என்னிடம் கைக்கடிகாரம் இருப்பதால் தெரியும். அந்த நேரத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை வாய் வரைக்கும் வந்தது. மூன்றாவது தடவை ஒரு பெண் தடத்தில் ஏறி வந்துவிட்டாள். தலையில் ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கு.

"குப்பாயி, நில்லு. இதுல ஒண்ணை எடு" என்றார் சின்னையன்.

"ரெண்டு கையும் கூடைல இருக்குது. கால்ல எடுக்கட்டுங்களா?"

நங்கை எழுந்து போய்க் கூடையை இறக்கிவிட்டாள். குப்பாயி கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்தாள்.

"என்னத்துக்கு எடுக்கறது?"

"மெஷினு வாங்கறதுக்கு அம்மிணி. இரும்பு ஒட்டறது" என்றார் அண்ணன்.

"என்ற கடப்பாரை ரெண்டாக் கெடக்குது. ஒட்டித் தருவீங்களா?"

"மெஷினு மேல வந்தா மொதல்ல உன்ற கடப்பாரைதான்."

"மேல வர்ற மெஷினு எந்தப் பொட்டலம்னு சொல்லுங்க, அதையே எடுத்துட்டுப் போறேன். எனக்குக் கெழங்கு வேகோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் கை முதலில் இடது பக்கப் பொட்டலத்துக்குப் போயிற்று. அப்புறம் மனசு மாறி வலது பக்கம் வந்தது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தும் நான் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னையன் பிரித்தார். செவ்வரளி.

அண்ணன் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னொண்ணைப் பிரிக்கப்படாதுங்க. சாமி வேண்டாம்னு ஒதுக்குனதை மனுசன் பார்க்கப்படாது. ஓடைத் தண்ணில உட்டுட்டுப் போங்க" என்றார் சின்னையன்.

நங்கை அதை எடுத்துக்கொண்டாள்.

*

ஓடைக்கு மேல் ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அண்ணனுக்கு நல்ல பசி. பாதி சாப்பிட்ட பிறகு சொன்னார்:

"பதினொண்ணாவது வரிய நான் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கண்ணா."

"செட்டோட மேல ஏறப் போறது ஆரு? அதை நீ எழுதவே இல்லையே."

"நீங்கதானுங்களே சொன்னீங்க. தை மாசம்."

"தை மாசம் செட்டும் இல்லை, சாமியும் சொல்லலை. இப்ப ரெண்டும் ஆச்சு. அந்த மெஷினைப் பத்திப் பத்து வரி தெரிஞ்சவன் நீ. எனக்கு அதோட சத்தம் மட்டும்தான் தெரியும். நீதான் போவோணும் கண்ணு."

"என்ற கிளாஸுங்கண்ணா."

"ரோடு முடியற வரைக்கும்தான். ரெண்டு வருசம். கிளாஸு எங்க ஓடிப்போவுது?"

"மே மாசம் பரீட்சைங்க."

"அடுத்த வருசத்துல மே மாசம் வராதா?"

நங்கை அண்ணனுக்கு மோர் ஊற்றினாள். என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஆரு போறதுன்னு வேணும்னா இன்னொருக்கா பூக் கேக்கலாங்களா?"

அண்ணன் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"கேக்கலாம்" என்றார். "பொட்டலம் ஆரு கட்டறது?"

சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

நான் எப்போதும் நேராகக் கட்டுகிறவன் என்பதால் அப்படிக் கேட்கிறார் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

*

அண்ணன் பாறையில் சாய்ந்ததும் நங்கை, "தம்பி, போசி கழுவோணும், வா" என்று ஓடைக்குக் கூப்பிட்டாள்.

அவள் போசியைக் கழுவவில்லை. பொட்டலத்தை மூக்கருகே வைத்து மோந்தாள். என்னிடம் நீட்டினாள்.

"நீ மோந்து பாரு."

"எதுக்குங்க நங்கை?"

"விடியக்காலம் நான் பறிச்ச மல்லி. வெயில் ஏற ஏற எலைய மீறி மணக்கோணும். லாரில மடியிலதான் வெச்சிருந்தேன். டீசல் வாசம்தான் வந்துது."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிரிக்கட்டுமா?"

"வேண்டாமுங்க."

"ஏன்? பிரிச்சாப் பூக் கேட்டது செல்லாது. கரண்டு செட்டே போதும்னு உங்கண்ணன் திரும்பிருவாரு. நீ மலையேற வேண்டியதில்லை. கிளாஸுக்குப் போலாம்."

"பிரிச்சா அண்ணன் என்னைப் பட்டறைக்குள்ளயே விடமாட்டாருங்க."

"ஆமா. விடமாட்டாரு."

தண்ணீரில் காலை நனைத்தபடி அவள் கல்லில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவரு மேல போவோணும், நீ கீழ இருக்கோணும். அதுக்குத்தானே?"

"டீசல் செட்டுத்தான் நல்லதுங்க. கணக்குப் போட்டுத்தான்..."

"கணக்கை உட்டுத்தள்ளு. நாப்பது நாளு, தம்பி. நடுக்கம் வர்றப்ப மூணு போர்வை போட்டு, மேல நானே படுத்து அமுக்கிக்கிட்டுக் கெடந்தேன். நீ அந்தப் பக்கம் பாடம் படிச்சுக்கிட்டிருந்தே. உன்னைக் குத்தம் சொல்லலை. நாந்தான் படின்னு சொன்னேன். கிளாஸுக்குப் போறப்ப எல்லாம் உங்கண்ணன்கிட்டப் பரிஞ்சு பேசுனதும் நாந்தான்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

அவள் பொட்டலத்தைத் தண்ணீரில் விடுவாள் என்று காத்திருந்தேன். விடவில்லை. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஓடையில விடலீங்களா?"

"இப்ப நீ மேல போறே. அவரு கீழ இருக்கறாரு. நான் எதுக்குப் பிரிக்கோணும்? ஆனா நீ ஏதாவது சாக்குச் சொல்லி அவரை ஏத்திவுடப் பார்த்தீன்னா, அன்னைக்குப் பிரிப்பேன்."

போசியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"கொசுவலை வாங்கித் தாரேன். நீளமாவே வாங்கறேன். நீ வளத்தி."

*

நான்கரைக்குத் திரும்பி வந்தோம். அண்ணன் குஷியாக இருந்தார். கரண்ட் செட் வந்தால் வைக்கலாம் என்று ஒழித்திருந்த இடத்தில் பழைய இரும்புப் பட்டைகளைத் திரும்ப அடுக்கினார். காண்ட்ராக்டருக்கு ஆள் அனுப்பினார்: அடுத்த மாதம் முதல் வாரம் செட் வரும், என் தம்பி சென்றாயன் வருவான்.

என்னிடம் சொன்னார், "நாளைக்கு நீ மட்டும் சேலம் போயிட்டு வா. கடைக்காரன் ரெண்டு மூணு டீசல் செட்டு வெச்சிருக்கறான். நல்லதாப் பாரு. நீ கூடக் குடும்பம் நடத்தப் போற மெஷினு. பொண்ணு பாக்கறாப்பல பார்த்து எடு."

நாளை புதன்கிழமை. சேலம் போய்விட்டு வகுப்புக்கு வந்து சேர முடியாது. ஐந்தாவது விடுப்பு.

அண்ணன் டீ குடிக்கப் போனதும் மல்லியை எடுத்து எறிந்துவிடலாம் என்று மூலைக்குப் போனேன்.

கார்பைடு டின் அங்கே இல்லை. வெளிச்சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தது. எப்போதோ காய்ந்துவிட்டது. மூடியும் பக்கத்திலேயே. நான் வந்த பிறகு யாரும் தொடவில்லை.

காலையில் பூட்டப் போனவர் ஈரக் கையோடு வந்தார். பொட்டலம் ஆரு கட்டறது என்று கேட்டார்.

டின்னில் என்ன இருந்தது என்று அண்ணன் பார்த்தாரா? பார்த்துவிட்டுத்தான் ஒரு மணி பத்து நிமிடம் என் எதிரே உட்கார்ந்திருந்தாரா? பார்த்துவிட்டும் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரா? அல்லது வெறுமனே ஒரு அழுக்கு டின்னைக் கவனிக்காமல் கொட்டிக் கழுவி வைத்தாரா? அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. என்னால் கேட்க முடியாது. கேட்டால் நான் எதைத் தேடினேன் என்று முதலில் சொல்ல வேண்டும். நங்கையிடமும் சொல்ல முடியாது. அவள் இடுப்பில் அந்தப் பொட்டலம் இருக்கிறது. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இன்னும் சற்று நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

அட்டவணையை எடுத்து விட்டுப்போன வரியை இப்போது எழுதிவிட்டேன்.

11. மலையேற வேண்டியவர். கரண்ட் செட்: யாருமில்லை. டீசல் செட்: சென்றாயன்.

இந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு எந்தச் செட் நல்லது என்று மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். அப்போதும் டீசல் செட்தான் வருகிறது. ஏழுக்கு நான்கு. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியது: ஆறு பத்து பஸ்ஸில் சேலம். வாத்தியாருக்கு விடுப்புக் கடிதம், போகும்போதே தபாலில் போட வேண்டும். கடையில் மூன்று செட்டையும் இஞ்சின் சூடாகும் முன் கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும், ஒரே ஆளால் கிளப்ப முடிகிறதா என்று.